வந்து, போயி

வேலை தேடுகிறவன் முதலில் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று வடபொய்கை ஊருக்குச் சொல்லிக் கொடுத்தவன் மாடக்கண்ணு. அதற்கு முன்னாலேயே அவன் தன் பெயரைச் சுத்தம் செய்துகொண்டு மேடி சார் ஆகியிருந்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செருப்புக்கடை காலியான பிறகும் தோல் வாடை காலியாகாத ஒரு மாடியில், லயன் டங் ஸ்கில் அகாடமி என்று போர்டு வைத்து, போர்டில் ஒரு சிங்கத்தை வைத்து, சிங்கத்தின் வாயிலிருந்து இங்கிலீஷ் எழுத்துகள் கொட்டுவதுபோல் படம் போட்டு, ஊரில் இருந்த அத்தனை இன்ஜினியர்களையும் அதன் கீழே கொண்டுவந்து உட்கார வைத்தான். வடபொய்கையில் இன்ஜினியர்களுக்கு என்ன பஞ்சம்? கல்லை எறிந்தால் ஒரு இன்ஜினியர் மேல்தான் விழும். அவனும் சும்மாதானே இருக்கிறான், எடுத்துத் திருப்பி எறிவான்.

அவர்களில் ஒருவன் பேச்சிமுத்து. மெக்கானிக்கல் முடித்து மூன்று வருஷம். குலசாமி பேச்சியம்மன் பெயரை வைத்தால் பிள்ளை வாய் திறக்கும்போதெல்லாம் முத்து உதிரும் என்று அவன் அம்மா உலகம்மாள் நினைத்திருந்தாள், ஆனால் உதிர்ந்ததெல்லாம் 'வந்து'தான். பசித்தாலும் "எம்மா, வந்து..." என்பான். காய்ச்சல் என்றாலும் "எம்மா, வந்து..." என்பான். பன்னிரண்டு இன்டர்வியூவுக்குப் போய், பன்னிரண்டிலும் மை நேம் வந்து பேச்சிமுத்து, மை ஃபாதர் வந்து எக்ஸ்பயர்ட், மை மதர் வந்து மில் ஒர்க்கர் என்று சொல்லி, பன்னிரண்டிலும் வந்த வழியே திரும்பி வந்தான். உலகம்மாள் ஊருக்கு வெளியே நூல் மில்லில் நூலைச் சுற்றுகிற கோன் ஒயின்டிங் செக்‌ஷனில் எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்கிறவள், சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால்களை நீட்டினால் அவை யாருடைய கால்களோ போல வீங்கிக் கிடக்கும். அம்மாவை ஒரு நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான் பேச்சிமுத்துவின் ஆசை. உட்காருவதற்கு அவள் தயார்தான், ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்.

"நானா போயி, எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு வெளிய வருவேன். என்னைய எவனும் போன்னு சொல்லப்பிடாது."

மேடி சாரின் வகுப்பில் முதல் நாளே ஊருக்கெல்லாம் ஒரே பலவீனம் விநியோகம் செய்யப்பட்டது. உங்கள் வீக்னஸ் என்ன என்று எந்தக் கம்பெனியில் கேட்டாலும், நான் ஒரு பெர்ஃபெக்‌ஷனிஸ்ட், எதையும் குறையில்லாமல் செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்று சொல்ல வேண்டும். மத்தியானம் மூன்று மணிவரை தூங்குகிற நாற்பது பேர் எழுந்து நின்று, கழுத்தில் டையோடு, கோரஸாக அதைச் சொன்னார்கள். பேச்சிமுத்து என்ற பெயர் பட்டிக்காடாக இருக்கிறது என்று பி.எம். ஆக்கப்பட்டது. கண்ணைப் பார்த்துப் பேசு என்றார்கள், எதிரில் இருப்பவன் பயந்து போகும் அளவுக்குப் பார்த்தார்கள். இதெல்லாம் சில்லறை. மேடி சாரின் உண்மையான யுத்தம் 'வந்து' என்ற அந்த ஒரு சொல்லோடுதான். நாலு மணி நேரம் மூச்சு விடாமல் பேசக்கூடிய அந்த மனிதன் பிறந்ததிலிருந்து ஒரு 'வந்து' சொன்னதில்லை. யோசித்தால்தானே அது தேவைப்படும்.

"யாராச்சும் வந்துன்னு இழுத்தீங்கன்னா, கிளாஸ் மொத்தமும் என்ன கேக்கணும்?" என்பான் மேடி.

"வந்து? போயி?" என்று நாற்பது பேரும் கத்துவார்கள்.

பதினோராம் நாள் பேச்சிமுத்து முன்னால் நின்று, "ஐ ஆம் வந்து..." என்று ஆரம்பித்தான், நாற்பது பேரும் "வந்து? போயி?" என்று கத்தினார்கள், அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் "வந்து" என்றான், மறுபடியும் கத்தினார்கள், மூன்றாம் முறை அந்தச் சொல் வாயிலிருந்து கழன்று சிமெண்ட் தரையில் டொக்கென்று விழுந்தது. சுண்டைக்காய் அளவு இருந்தது, சாம்பல் நிறம், லேசான சூடு. மேடி அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "குட், அடுத்த ஆளு வாங்க" என்றான். அன்று சாயங்காலத்துக்குள் வகுப்பில் இரண்டு முறம் 'வந்து' சேர்ந்தது, அதில் முக்கால் முறம் பேச்சிமுத்துவுடையது. கூட்டிப் பெருக்கி, அகாடமிக்குப் பின்னால் சந்தில் கொட்டினார்கள்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொன்னால்தான் ஊரைப் புரிந்துகொள்ள முடியும். இது எப்படி நடக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, எதற்கு உபயோகப்படும் என்றுதான் கேட்டார்கள். சந்தின் முனையில் இருந்த டீ மாஸ்டர்தான் முதலில் கண்டுபிடித்தார்: ஒரு 'வந்து' உருண்டு போய் அவருடைய பால் சட்டிக்கு அடியில் மாட்டிக்கொள்ள, பொங்கிய பால் விளிம்புவரை வந்து, கொஞ்சம் யோசித்து, அப்படியே நின்றுவிட்டது. மறுநாள் காலை தெருப் பெண்கள் அத்தனை பேரும் சந்தில் முறத்தோடு நின்றார்கள். பாலுக்கு ஒன்று, தயிர் புளிக்காமல் இருக்க ஒன்று, குடித்துவிட்டு வந்து கை ஓங்குகிற புருஷனின் துண்டு முனையில் முடிந்து வைக்க இரண்டு. ஓங்கிய கை அந்தரத்தில் நின்று யோசிக்கும், அதற்குள் அவள் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்வாள். இரண்டு நாற்பது பஸ்ஸின் சக்கரத்துக்கு அடியில் ஒன்று விழுந்ததில், செருப்பு வார் அறுந்து பின்தங்கிய ஒரு பெண்ணுக்காக அந்த பஸ் பதினோரு நிமிஷம் நின்றது. வடபொய்கை சரித்திரத்தில் பஸ் ஒரு பெண்ணுக்காக நின்றது அதுதான் முதல் தடவை. உடனே வார்டு கவுன்சிலருக்கு மூளை வேலை செய்தது. ஜல்லிக்குப் பதில் இதைப் போட்டுத் தெருக்குழிகளை நிரப்பச் சொன்னார், நிரப்பினார்கள், மறுநாள் தன் வீட்டு வாசலிலேயே உள்ளே போவதா வெளியே போவதா என்று தெரியாமல் நாலு மணி நேரம் நின்றார். ஜனங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இது ஒரு பக்கம். மறு பக்கத்தில், 'வந்து' முழுக்க உதிர்ந்து வெளியே வந்தவர்களுக்கு எந்த வாக்கியத்துக்கு முன்னாலும் நிற்கத் தெரியவில்லை. அந்தச் சொல்லையே அவர்களால் சொல்ல முடியவில்லை. நாக்கை எடுத்தால் அதற்கு அடுத்த சொல்தான் வந்தது. பெண் பார்க்கப் போன ஒரு இன்ஜினியர், தட்டைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணு பிடிக்கலை, கேசரி பிடிச்சிருக்கு" என்றான். ஞாயிற்றுக்கிழமை பேட்ச்சில் படித்த நர்ஸ் ஒருத்தி ஆஸ்பத்திரி வராண்டாவுக்கு வந்து, "உங்க ஆளு செத்துட்டாரு, பாய எடுத்துட்டு வாங்க" என்று சொல்ல, கேட்டவளும் பக்கத்தில் விழுந்தாள். அதன் பிறகு வார்டு மேஜையில் ஒரு டம்ளர் நிறைய 'வந்து' வைத்தார்கள். கெட்ட செய்தி சொல்லப் போகிற நர்ஸ் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய், "ஐயா... வந்து..." என்பாள், கேட்கிறவர்கள் அந்த 'வந்து'விலேயே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, சுவரைப் பிடித்துக்கொள்ள நேரம் கிடைத்து, பிறகு அழுவார்கள். அப்படித் துப்பிய ஒன்றைக் கழுவி மறுபடி டம்ளரில் போடுவார்கள்.

பேச்சிமுத்துவும் சுத்தமாகிவிட்டான். கடைசி 'வந்து' விழுந்த அன்று மேடி சார் அவனைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்தான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் சாப்பிட்டுக்கொண்டே, "குழம்பு நல்லால்ல. உனக்கு வயசாயிட்டு. காலு வீங்கி அசிங்கமா இருக்கு, மூடிக்கோ" என்றான். உலகம்மாள் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். முன்பெல்லாம் அவன் "எம்மா, வந்து..." என்று ஆரம்பித்தால், அந்த இழுப்பின் நீளத்திலேயே இது பசியா, பயமா, ஃபெயிலா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மறுநாள் காலை ஷிப்ட்டுக்குப் போகும் வழியில் சந்துக்குள் நுழைந்து, குவியலைக் கிளறி, ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, ஒன்றே ஒன்றை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டாள்.

"எல்லாம் ஒண்ணு போலத்தானக்கா இருக்கு?" என்றாள் கூட வந்த செண்பகம். மில்லில் அடுத்த மிஷினில் நிற்கிறவள்.

"எம்புள்ள இழுத்தது எனக்குத் தெரியாதாட்டி?"

வடபொய்கையில் தயக்கமே இல்லாத இன்ஜினியர்கள் டஜன் கணக்கில் விளைகிறார்கள் என்ற செய்தி வெளியே போனது. கிளியர்லைன் என்று ஒரு கம்பெனி காரில் வந்து கல்யாண மண்டபத்தில் இறங்கியது. வினோதினி மேடம் என்ற அதிகாரி மூன்று நிமிஷத்தில் பேச்சிமுத்துவைத் தேர்ந்தெடுத்தாள். வேலை என்னவென்றால், மற்ற கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பும்போது, அந்தச் செய்தியை அந்த ஆட்களுக்கு போனில் சொல்வது. கடிதம் போட்டால் கோர்ட்டுக்குப் போகிறார்கள்; நேரில் சொன்னால் காலில் விழுகிறார்கள். போனில் சொல்லி, கேட்டவர் வாயால் 'சரி' என்ற ஒரு சொல்லைப் பதிவு செய்துவிட்டால் விஷயம் முடிந்தது. இதற்கு எக்ஸிட் கம்யூனிகேஷன் என்று அழகான பெயர் வேறு. "இன்று முதல் தங்கள் சேவை நிறுவனத்துக்குத் தேவைப்படவில்லை. புரிந்தது என்றால் சரி என்று சொல்லவும்." சொன்னால் சரி என்றார்கள். நம் ஜனங்கள் எதற்குத்தான் சரி சொல்லவில்லை?

பஸ் ஸ்டாண்டில் பேச்சிமுத்துவுக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். படத்தில் கையைக் கட்டிக்கொண்டு சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்றான். அதில் மேடி சாரின் தலை அவன் தலையைவிட இரண்டு மடங்கு பெரியதாக இருந்தது.

"என்ன வேலைய்யா?" என்று உலகம்மாள் கேட்டாள்.

"ஆளுகளை வேலைய விட்டுத் தூக்கியாச்சுன்னு சொல்லுத வேலை."

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, "யாராச்சும் சொல்லித்தானே ஆகணும்" என்றாள். அவள் பங்குக்கு அவளும் ஒரு சரியைச் சொல்லிவிட்டாள்.

திருநெல்வேலியில் ஏசி ஹால், தலையில் ஹெட்செட். பேச்சிமுத்து தினமும் காலை ஏழு பத்து பஸ்ஸில் போனான். கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி, ஓசூரில் போல்ட் கம்பெனி, எங்கேயோ ஒரு பிஸ்கட் கம்பெனி என்று லிஸ்ட் வரும், சொல்லுவான், சரி என்பார்கள், அடுத்தது. மற்றவர்கள் ஒரு நாளைக்கு அறுபது முடித்தால் அவன் நூறு முடித்தான், எதிர்முனையில் அழுகை கேட்டாலும் அவன் வாக்கியம் அதன் பாட்டுக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் வாரம் அவனுக்கு ஒரு கோப்பை கொடுத்தார்கள், அதிலும் ஒரு சிங்கம். தினமும் அவன் டிபன் பாக்ஸில் உலகம்மாள் தயிர்சாதம் வைத்து, அது மத்தியானத்துக்குள் புளித்துவிடக் கூடாது என்று மூடியின் உள்பக்கத்தில் வாழை இலைத் துண்டில் சுற்றி அந்த ஒற்றை 'வந்து'வை வைத்து அனுப்புவாள். சாயங்காலம் பாக்ஸைக் கழுவும்போது அதையும் கழுவிக் காய வைப்பாள். அவன் அதைக் கவனித்ததேயில்லை.

நாலாம் வாரம் புதன்கிழமை அவன் மேஜைக்கு வந்த லிஸ்ட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர். பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்து அரை மணிக்குள் முடிந்த அளவு முடிக்க வேண்டும், மில்லில் சாப்பாட்டு நேரத்தில்தான் போனைத் தொட விடுவார்கள் என்று குறிப்பு இருந்தது. எந்த மில் என்று லிஸ்ட்டின் தலையில் போட்டிருந்தது. பேச்சிமுத்து தலையைப் படிப்பதில்லை, நம்பரைத்தான் படிப்பான். அதுதான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட வேகம். முதல் நம்பர் அடித்தான், சொன்னான், சரி என்றார்கள். இரண்டு. மூன்று. நாலாவதாக ஒருத்தி, அவன் ஹலோ என்றதுமே, "யாரு, முத்துவா? நான் செண்பகத்தக்கால்லா பேசுதேன்" என்றாள். இன்று முதல் தங்கள் சேவை நிறுவனத்துக்குத் தேவைப்படவில்லை என்று அவன் வாய் சொன்னது. அவன் சின்ன வயதில் மாடியிலிருந்து விழுந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள். "சரிய்யா" என்றாள். ஐந்து. ஆறு. இது அம்மாவின் மில் என்று அவனுக்கு இப்போது தெரிந்துவிட்டது, நிறுத்த வேண்டும் என்று நினைத்தான், ஆனால் நிறுத்துவதற்கு ஒரு சொல் வேண்டுமே, அந்தச் சொல் அவனிடம் இல்லையே, அதைத்தான் முறத்தில் அள்ளிச் சந்தில் கொட்டியாயிற்றே. பத்து. பதினொன்று. பெரியம்மாக்கள், மைனிகள், கூடப் படித்தவனின் அம்மா. பதினாறு வரைக்கும் போனான்.

பதினேழாவது நம்பரை லிஸ்ட்டைப் பார்த்து அடிக்க வேண்டியிருக்கவில்லை. விரல்களுக்கே தெரிந்திருந்தது.

மில்லுக்குள் வேப்பமரத்தடியில் அந்தப் பதினாறு பேர் நடுவில்தான் உலகம்மாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு போனாக அடிப்பதையும், ஒவ்வொருத்தியாகச் சரி என்பதையும், என்ன சங்கதி, யார் குரல் என்பதையும் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். தன் போன் அடித்ததும் கையைக் கழுவிவிட்டு எடுத்தாள்.

"ஏய்யா, சாப்பிட்டியா?"

வாக்கியம் நாக்கின் நுனியில் நின்றது. இன்று முதல் என்ற இரண்டு சொற்கள் பல்லுக்குப் பின்னால் வந்துவிட்டன. அவனால் வாயைத்தான் மூட முடிந்தது, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். சாப்பிட்டியா என்று அம்மா கேட்டதால் மட்டும்தான் மேஜையில் இருந்த டிபன் பாக்ஸ் அவன் கண்ணில் பட்டது. ஒரு கையால் மூடியைத் திறந்தான். வாழை இலைத் துண்டு அவிழ்ந்தது. சாம்பல் நிறத்தில், லேசான சூட்டில், இத்தனை நாள் கழுவிக் கழுவி வழவழப்பாகிப் போன தன் 'வந்து'வை எடுத்து வாயில் போட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொண்டான்.

"எம்மா... வந்து..."

எதிர்முனையில் உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். எவ்வளவு நாளாகிவிட்டது அந்த இழுப்பைக் கேட்டு. அதன் நீளத்திலேயே எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. சுற்றிலும் பதினாறு பேர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எம்மா, வந்து... வந்து..."

"இப்ப ஒண்ணும் சொல்லாண்டாம்," என்றாள் உலகம்மாள். "வீட்டுக்கு வந்து சொல்லு."

போனை வைத்துவிட்டு, மணி அடித்ததும் எழுந்து, யாரும் அவளிடம் எதுவும் சொல்லாததால், தன் மிஷினுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

அந்தப் போனை ஹாலின் மறு கோடியிலிருந்து ஒட்டுக்கேட்ட வினோதினி மேடம் நடந்து வந்து, பேச்சிமுத்துவின் கன்னம் புடைத்திருப்பதைப் பார்த்து, எச்சில் தொட்ட ஒன்றைப் பார்ப்பதுபோல் முகத்தைச் சுளித்தாள். இன்று முதல் தங்கள் சேவை நிறுவனத்துக்குத் தேவைப்படவில்லை என்றாள். அவள் குரல் இழுக்கவில்லை. பேச்சிமுத்து சரி என்று சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, சிங்கக் கோப்பையை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தான். அவன் எழுந்த நாற்காலியில் வேறொருத்தன் உட்கார்ந்தான். அவனும் வடபொய்கைக்காரன்தான், பதினெட்டாவது நம்பரை அடித்தான்.

நாலரை பஸ்ஸில் வடபொய்கையில் இறங்கினபோது அவன் ஃபிளெக்ஸை அவிழ்த்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இதில் மேடி சாரின் தலை மட்டும்தான். 'பவர் ஆஃப் பாஸ் (PAUSE): பேச்சில் தயங்கும் கலை, மூன்று நாள் பயிற்சி' என்று போட்டிருந்தது. வாக்கியத்தின் நடுவே நிறுத்தினால்தான் பெரிய பதவிக்காரன் மாதிரி இருக்கும் என்று மேடி எங்கேயோ கேள்விப்பட்டு, சந்தில் கொட்டியதையெல்லாம் சலித்துக் கழுவி, ஆளுக்கு ஐந்து வீதம் கொடுக்க வெல்வெட் பையில் போட்டு வைத்திருந்தான். மாடிப்படியில் அதற்குள் வரிசை நின்றது. வரிசையில் பாதிப் பேர் முதல் பேட்ச்சில் முறம் முறமாக உதிர்த்தவர்கள்.

பேச்சிமுத்து தன் தெருவுக்குள் திரும்பினான். வீட்டு வாசலில் பதினாறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு தூக்குவாளி மடியில் இருந்தது. நாளை முதல் அதற்கு என்ன வேலை என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கதவு பூட்டியிருந்தது, உலகம்மாளுக்கு ஷிப்ட் முடிய இன்னும் அரை மணி இருந்தது. ஒருத்தியும் அவனை வையவில்லை. வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களுக்கு முன்னால் நின்றான். கன்னத்தில் அது இன்னும் இருந்தது. தலையை நிமிர்த்த முடியவில்லை, கண்ணைப் பார்த்துப் பேசு என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது எதுவும் அவனிடம் இல்லை.

"அக்கா... வந்து..." என்றான்.

பதினாறு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"வந்து? போயி?"

அவன் அழுதுவிட்டான். அழுதுகொண்டே மறுபடியும் "வந்து..." என்றான். செண்பகம் தூக்குவாளியைக் கீழே வைத்து, காலை நீட்டி, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.

"மெதுவா இழுத்துச் சொல்லு முத்து, ராத்திரி வரைக்கும் கூட இழு," என்றாள். "எங்களுக்கு என்ன, வேலையா வெட்டியா?"